எல்லாத் தீர்வுகளும் இவைதானா? – சூப்பர்கிராவிட்டியும் 7 பரிமாணக் கோளமும்

இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகள் பொதுவாக அடக்கமாகத்தான் இருக்கும். 'ஒரு குறிப்பு', 'ஒரு புதிய தீர்வு', 'சில கருத்துகள்' என்ற மாதிரி. ஆனால் சூப்பர்கிராவிட்டி என்ற துறையில் சில தலைப்புகள் 'எல்லா' என்ற சொல்லோடு தொடங்குகின்றன. 1983-ல் பால் டாட் எழுதிய கட்டுரை அப்படி ஒன்று. 2002-ல் ஐந்து பேர் சேர்ந்து எழுதியது இன்னொன்று. 2013-ல் நான்கு பேர் எழுதியது மற்றொன்று. 'இந்தச் சமன்பாட்டுக்கு இத்தனை தீர்வுகள்தான். இதற்கு மேல் தேடாதீர்கள்' என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கதையின் நாயகன் ஒரு கோளம், அதுவும் 7 பரிமாணக் கோளம். பயப்பட வேண்டாம், சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை.

சுருட்டி வைத்த பரிமாணங்கள்

1919-ல் தியோடர் கலூசா ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். உலகத்துக்கு நான்கு அல்ல, ஐந்து பரிமாணங்கள் (வெளிக்கு நான்கு, காலத்துக்கு ஒன்று) என்று வைத்துக்கொண்டு ஈர்ப்புச் சமன்பாட்டை எழுதினால், அதற்குள்ளேயே மின்காந்தவியலும் வந்துவிடுகிறது என்றார். கட்டுரை 1921-ல் வெளியானது. அந்த ஐந்தாவது பரிமாணம் ஏன் கண்ணில் படவில்லை? அது மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கிறது என்று 1926-ல் ஆஸ்கர் கிளைன் பதில் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுருண்டிருக்கும் உள்வெளியின் சமச்சீர்மைதான் வெளியே இருக்கும் நமக்கு விசையாகத் தெரிகிறது. வட்டத்தைச் சுற்றினால் அது மாறாது. அந்தச் சமச்சீர்மைதான் மின்காந்தம். அப்படியானால் வட்டத்துக்குப் பதில் கோளத்தை வைத்தால்? கோளத்தைப் பல திசைகளில் சுற்றலாம். அதனால் இன்னும் பல விசைகள் கிடைக்கும். கோளத்தின் மீது இயற்பியலாளர்களுக்கு ஆசை வந்த காரணம் இதுதான்.

11 என்ற எண்

1976-ல் ஃப்ரீட்மன், ஃபெராரா, வான் நியூவென்ஹைசன் ஆகிய மூவரும், அவர்களை ஒட்டியே டெசரும் ஜுமினோவும் சூப்பர்கிராவிட்டியை உருவாக்கினார்கள். பொருளுக்குக் காரணமான துகள்களையும் (ஃபெர்மியான்) விசைக்குக் காரணமான துகள்களையும் (போசான்) ஒன்றுக்கொன்று மாற்றக்கூடிய சமச்சீர்மைக்கு சூப்பர்சிமெட்ரி என்று பெயர். அதை ஐன்ஸ்டைனின் ஈர்ப்போடு சேர்த்தால் சூப்பர்கிராவிட்டி.

எத்தனை பரிமாணம் வரை இது சாத்தியம்? 11 வரைதான் என்று 1978-ல் வெர்னர் நாம் காட்டினார். அதே ஆண்டில் பாரிஸில் க்ரெம்மர், ஜூலியா, ஷெர்க் மூவரும் அந்த 11 பரிமாணக் கோட்பாட்டை எழுதியும் காட்டிவிட்டார்கள். 1981-ல் எட்வர்ட் விட்டன் எதிர்த் திசையிலிருந்து வந்தார். நமக்குத் தெரிந்த எல்லா விசைகளின் சமச்சீர்மையும் கிடைக்க உள்வெளிக்குக் குறைந்தது 7 பரிமாணம் வேண்டும் என்று கணக்கிட்டார். 4 + 7 = 11. மேலிருந்து வந்த வரம்பும் கீழிருந்து வந்த வரம்பும் ஒரே எண்ணில் முட்டி நின்றன!

அன்றைய உற்சாகத்தைப் புரிந்துகொள்ள ஒரு தகவல் போதும். 1980-ல் கேம்பிரிட்ஜில் ஹாக்கிங் ஆற்றிய பதவியேற்பு உரையின் தலைப்பே, கோட்பாட்டு இயற்பியலின் முடிவு நெருங்கிவிட்டதா என்ற கேள்விதான். முடிவைத் தரக்கூடியது என்று அவர் கை காட்டியது சூப்பர்கிராவிட்டியை.

கோளம் மேடை ஏறுகிறது

11-ஐ 4 ஆகவும் 7 ஆகவும் பிரிப்பது யார்? நாம் நம் வசதிக்குப் பிரித்தால் அது ஏமாற்று வேலை. 1980-ல் பீட்டர் ஃபிராய்ண்டும் மார்க் ரூபினும் கோட்பாடே அதைச் செய்கிறது என்று காட்டினார்கள். 11 பரிமாணக் கோட்பாட்டில் ஈர்ப்பைத் தவிர இன்னொரு புலமும் இருக்கிறது. மின்காந்தப் புலத்துக்கு இரண்டு குறியெண்கள் என்றால் இதற்கு நான்கு. அது நான்கு திசைகளில் நிரம்பி நின்றால், அந்த நான்கும் மீதி ஏழும் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. ஒரு பக்கம் எதிர்மறை வளைவு கொண்ட ஆன்டி டி சிட்டர் வெளி. இன்னொரு பக்கம் நேர்மறை வளைவு கொண்டு, தன்னைத் தானே மூடிக்கொண்ட உள்வெளி. அதற்கு மிக எளிய உதாரணம் கோளம்.

இப்படித்தான் '4 பரிமாண ஆன்டி டி சிட்டர் வெளி, கூடவே 7 பரிமாணக் கோளம்' என்ற தீர்வும், அதைத் தலைகீழாக்கிய '7 பரிமாண ஆன்டி டி சிட்டர் வெளி, கூடவே 4 பரிமாணக் கோளம்' என்ற தீர்வும் வந்தன. முதல் தீர்வில் கோட்பாட்டின் 32 சூப்பர்சிமெட்ரிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று டஃப், போப் போன்றவர்கள் காட்டினார்கள்.

ஒரு தீர்வில் எத்தனை சூப்பர்சிமெட்ரி மிஞ்சியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வெளியில் 'கில்லிங் ஸ்பின்னர்' எத்தனை இருக்கின்றன என்று எண்ண வேண்டும். (கொலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வில்ஹெல்ம் கில்லிங் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளரின் பெயர் அது.) ஸ்பின்னர் என்பது 360 பாகை சுற்றினால் குறி மாறி, 720 பாகை சுற்றினால்தான் பழைய நிலைக்கு வரும் விசித்திரமான பொருள். வெளி முழுவதும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கோடு பரவி நிற்கும் ஸ்பின்னருக்குத்தான் அந்தப் பெயர். கண்ட கண்ட வெளியில் அது நிற்காது. 7 பரிமாணத்தில் அதிகபட்சம் 8 நிற்க முடியும். கோளத்தில் எட்டும் நிற்கின்றன.

நசுங்கிய கோளமும் முதல் பட்டியலும்

உடனே ஒரு கேள்வி வந்தது. கோளம் மட்டும்தானா? வேறு எதுவும் இல்லையா?

முதல் அதிர்ச்சி கோளத்துக்குள்ளிருந்தே வந்தது. 7 பரிமாணக் கோளத்தை, 4 பரிமாணக் கோளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு 3 பரிமாணக் கோளத்தை நட்டுவைத்தது போலவும் பார்க்கலாம். நட்டுவைத்த அந்தச் சிறு கோளங்களை மட்டும் சுருக்கினால், நீளத்தின் வர்க்கம் 1/5 ஆகும் இடத்தில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு மீண்டும் சரியாகிறது. இந்த நசுங்கிய கோளத்தை ஜென்சன் என்ற கணிதவியலாளர் 1973-லேயே கண்டிருந்தார். 1983-ல் அவாடா, டஃப், போப் மூவரும் அதன் கில்லிங் ஸ்பின்னர்களை எண்ணிப் பார்த்தார்கள். எட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று! அதையே கண்ணாடியில் பார்ப்பது போல் திசை மாற்றி வைத்தால் அந்த ஒன்றும் போய்விடுகிறது. வடிவத்தில் கோளம்தான், அளவில் வேறு.

அதன்பின் வேட்டை ஆரம்பித்தது. புதுப்புது 7 பரிமாண வெளிகள் எழுத்துகளால் பெயரிடப்பட்டு வரிசையில் நின்றன. 1984-ல் காஸ்டெல்லானி, ரோமன்ஸ், வார்னர் மூவரும் இவற்றை ஒழுங்குபடுத்தி ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். 'எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்கும் உள்வெளிகள்' என்பதுதான் அவர்கள் போட்ட வேலி. அந்த வேலிக்குள் பட்டியல் முழுமையானது. வேலிக்கு வெளியே? அதைப் பற்றி அந்தப் பட்டியல் எதுவும் சொல்லவில்லை.

கோளத்தின் வீழ்ச்சி

பட்டியல் தயாரான நேரத்தில் அதைத் தேடியவர்களின் கனவு உடைந்துகொண்டிருந்தது. காரணங்கள் மூன்று.

ஒன்று, 7 பரிமாணக் கோளத்தின் சமச்சீர்மைக்குள் நமக்குத் தெரிந்த விசைகளின் சமச்சீர்மை முழுதாக அடங்கவில்லை.

இரண்டு, இயற்கை இடதையும் வலதையும் வேறுபடுத்துகிறது. வலுக்குறை விசை இடக்கைத் துகள்களைத்தான் தொடும். 11 பரிமாணத்திலிருந்து வழவழப்பான 7 பரிமாண உள்வெளி மூலம் இறங்கி வந்தால் இந்த வேறுபாடு வராது என்று விட்டன் காட்டினார்.

மூன்று, அளவு. இந்தத் தீர்வில் உள்வெளி சின்னதாகவே இல்லை. கோளத்தின் ஆரம், ஆன்டி டி சிட்டர் வெளியின் ஆரத்தைப் போல் இரண்டு மடங்கு! ஒளிந்திருக்க வேண்டியது, ஒளித்து வைக்கும் வீட்டைவிடப் பெரியதாக இருந்தால் எப்படி? போதாக்குறைக்கு 1998-ல் நம் பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று தெரியவந்தது. ஆன்டி டி சிட்டர் வெளியின் குணம் இதற்கு நேர் எதிரானது.

1984-ல் கிரீனும் ஷ்வார்ட்சும் 10 பரிமாணச் சரக்கோட்பாட்டில் ஒரு பெரிய முட்டுக்கட்டையை நீக்கினார்கள். 1985-ல் உள்வெளியாகக் கலாபி-யாவ் வெளிகள் வந்தன. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

கடலைப் பொட்டலமும் ஒரு தேற்றமும்

கூட்டம் போனபின் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் கணிதவியலாளர்கள். உலகத்தின் வடிவம் அவர்கள் கவலை அல்ல. கில்லிங் ஸ்பின்னர் நிற்கும் வெளிகள் எவை எவை? அவ்வளவுதான் கேள்வி. 1980-லிருந்து பெர்லினில் தாமஸ் ஃபிரீட்ரிக்கும் அவரைச் சேர்ந்தவர்களும் இதில் உழைத்தார்கள். 1993-ல் கிறிஸ்டியன் பேஹ்ர் மிக அழகான விடையைக் கொடுத்தார்.

கடலைப் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்து ஒரு முனைக்குக் குவிகிறது கூம்பு. காகிதத்தைக் குறுக்காமல் முழு வட்டமாகவே விட்டுவிட்டால்? முனையே இல்லை, தட்டையான காகிதம்தான். இதே போல எந்த வெளியின் மீதும் ஒரு பரிமாணம் கூடுதலான கூம்பை எழுப்பலாம். முழுமையான கோளத்தின் மீது எழுப்பினால் வருவது தட்டையான வெளி. வேறு எதன் மீது எழுப்பினாலும் முனை கூராக நிற்கும்.

பேஹ்ரின் வழி இதுதான். கீழே இருக்கும் வெளியின் கில்லிங் ஸ்பின்னர் ஒவ்வொன்றும், மேலே கூம்பில் திசை மாறாமல் நிற்கும் ஒரு ஸ்பின்னர். திசை மாறாத ஸ்பின்னர் உள்ள வெளிகள் எவை என்பது ஏற்கெனவே தெரியும். பூமியின் மேல் ஒரு அம்பை வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு இறக்கி, கொஞ்சம் நகர்த்தி, திரும்பத் துருவத்துக்குக் கொண்டுவந்தால் அது திரும்பிப்போயிருக்கும் அல்லவா? அந்தத் திருப்பங்களின் தொகுப்புக்கு ஹோலோனமி என்று பெயர். எந்தெந்த ஹோலோனமி சாத்தியம் என்று 1955-ல் பெர்ஜர் பட்டியல் போட்டார். அவற்றில் எதில் எத்தனை ஸ்பின்னர் திசை மாறாமல் நிற்கும் என்று 1989-ல் வாங் கணக்கிட்டார். இரண்டையும் கூம்பில் பொருத்தினால் வேலை முடிந்தது.

7 பரிமாணத்துக்கு விடை: 1, 2, 3 அல்லது 8. நசுங்கிய கோளம் ஒன்று வகை. சசாகி-ஐன்ஸ்டைன் வெளிகள் இரண்டு வகை. மூன்று வகையும் உண்டு. எட்டு என்றால் அது உருண்டைக் கோளம் மட்டுமே. 4, 5, 6 வேண்டுமென்றால் கோளத்தின் புள்ளிகளை ஒன்றோடொன்று ஒட்டி மடிக்க வேண்டும். 4 பரிமாண உள்வெளிக்கு விடை இன்னும் கறார்: மடிக்காத வெளிகளில் கோளம் ஒன்றே ஒன்றுதான்.

ஒருகாலத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்ததை இப்போது ஒரே தேற்றம் சொல்லிவிட்டது. எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற பழைய வேலியும் தேவைப்படவில்லை.

கைவிட்ட கோளம் திரும்பி வருகிறது

1997 நவம்பரில் ஹுவான் மால்டசேனா ஒரு கட்டுரை எழுதினார். ஆன்டி டி சிட்டர் வெளியும் கோளமும் சேர்ந்த தீர்வு ஒவ்வொன்றும், அந்த வெளியின் விளிம்பில் வாழும் ஈர்ப்பே இல்லாத ஒரு குவாண்டம் கோட்பாட்டுக்குச் சமம் என்றார். எந்தத் தீர்வுகளை 'நம் உலகம் இல்லை' என்று தள்ளிவைத்தார்களோ அவையே நடுவீட்டுக்கு வந்தன. உள்வெளி பெரியது, வளைவு எதிர்மறை என்பதெல்லாம் இப்போது குறையே இல்லை. பழைய பட்டியலில் இருந்த ஒவ்வொரு வெளிக்கும் பின்னால் ஒரு குவாண்டம் கோட்பாடு காத்திருக்கிறது என்றானது. 2008-ல் அஹரோனி, பெர்க்மன், ஜாஃபெரிஸ், மால்டசேனா நால்வரும், மடித்த 7 பரிமாணக் கோளத்துக்கு (ஆறு வகை!) உரிய கோட்பாட்டைக் கண்டுபிடித்தார்கள்.

'எல்லாம்' என்று சொல்லும் வழி

இதற்கிடையில் ஒரு புதிய முறை வளர்ந்தது. வெளியை முதலில் ஊகித்து, பிறகு ஸ்பின்னரை எண்ணுவது பழைய முறை. தலைகீழாகச் செய்தால் என்ன? ஸ்பின்னர் ஒன்று இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை அதோடே பெருக்கினால் திசையன்களும் வேறு சில வடிவியல் பொருள்களும் கிடைக்கும். அவை கட்டுப்பட வேண்டிய சமன்பாடுகளைத் தீர்த்தால் வெளியின் வடிவம் தானாக வெளிவரும். எதையும் ஊகிக்காததால் எதையும் தவறவிட வாய்ப்பில்லை. 'எல்லா' என்ற சொல்லுக்குக் கிடைத்த உரிமை இதுதான். நான்கு பரிமாணத்தில் டாட் 1983-ல் தொடங்கியதை, 2002-ல் கான்ட்லெட், குடோவ்ஸ்கி, ஹல், பாகிஸ், ரியால் ஐவரும் ஐந்து பரிமாணத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டில் கான்ட்லெட்டும் பாகிஸும் 11 பரிமாணத்தில் கை வைத்தார்கள்.

அதே 2002-ல் ஃபிகெரோவா-ஓஃபாரிலும் பாப்படோபுலோசும் மேல் முனையை முடித்துவைத்தார்கள். 11 பரிமாணத்தில் 32 சூப்பர்சிமெட்ரியும் உள்ள தீர்வுகள் நான்கே நான்கு: தட்டையான வெளி, இரண்டு கோளத் தீர்வுகள், 1984-ல் கோவால்ஸ்கி-கிளிக்மன் கண்ட ஓர் ஈர்ப்பலை. 31 உள்ள தீர்வு? அப்படி ஒன்று கிடையாது என்று 2006-ல் இன்னொரு குழு காட்டியது.

ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 2004-ல் லின், லூனின், மால்டசேனா மூவரும் 10 பரிமாணத்தில் பாதி (16) சூப்பர்சிமெட்ரி உள்ள தீர்வுகளைத் தேடினார்கள். உள்ளே இரண்டு 3 பரிமாணக் கோளங்கள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. வந்த விடை: ஒரு தாளை எடுத்து, அதில் விருப்பம்போல் கறுப்பு, வெள்ளை வண்ணம் அடியுங்கள். ஒவ்வொரு படமும் ஒரு தீர்வு! கறுப்பில் ஒரு கோளம் சுருங்கி மறையும், வெள்ளையில் மற்றது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம் வரைந்தால் 5 பரிமாண ஆன்டி டி சிட்டர் வெளியும் 5 பரிமாணக் கோளமும் வந்து நிற்கும். பாதித் தாளைக் கறுப்பாக்கினால் ஈர்ப்பலை.

2012-ல் ஃபிகெரோவா-ஓஃபாரிலும் ஹஸ்ட்லரும் நிரூபித்ததை இதனருகில் வைத்துப் பாருங்கள். 16-க்கு மேல் சூப்பர்சிமெட்ரி இருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல்தான் இருந்தாக வேண்டும். 17 என்றால் இறுக்கமான கட்டுப்பாடு, 16 என்றால் எந்தப் படமும் வரையலாம்! 1984-ல் வசதிக்காகப் போட்ட வேலி, ஒரு எல்லைக்கு மேல் இயற்கையாகவே அங்கே இருந்திருக்கிறது.

நிபந்தனையைப் படியுங்கள்

பட்டியல்கள் சில நம்பிக்கைகளை உடைக்கவும் செய்தன. 2004-ல் கான்ட்லெட், மார்ட்டெல்லி, ஸ்பார்க்ஸ், வால்ட்ரம் நால்வரும் 11 பரிமாணத் தீர்வுகளை வகைப்படுத்தும்போது, எண்ணற்ற புதிய 5 பரிமாண சசாகி-ஐன்ஸ்டைன் வெளிகள் கையில் கிடைத்தன. அவற்றில் ஒரு வகை இருக்கவே முடியாது என்று சீகரும் டியானும் 1994-ல் ஊகித்திருந்தார்கள். அதே காலத்தில் போயர், காலிட்ஸ்கி, கோலார் மூவரும் 5 பரிமாணக் கோளத்தின் மேலேயே குறைந்தது 68 குடும்பம் சசாகி-ஐன்ஸ்டைன் அளவைகள் உண்டு என்றார்கள். மில்னர் 1956-ல் கண்ட விசித்திரக் கோளங்களையும் சேர்த்தால் 7 பரிமாணக் கோளத்துக்கு 28 வகை உண்டு. இருபத்தெட்டிலும் இத்தகைய அளவை அமையும்!

'1, 2, 3 அல்லது 8' என்ற தேற்றத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. உள்வெளிக்குள் புலம் இருக்கக் கூடாது என்பதுதான் அது. புலத்தை உள்ளே விட்டால், 2001-ல் கோரடோ, பில்க், வார்னர் காட்டிய வளைந்த கோளம் போன்றவை வரும். 7 பரிமாணக் கோளத்தை ஒட்டிய சூப்பர்கிராவிட்டியில் மட்டும் 2019-ல் ஒரு குழு கணினியைக் கொண்டு 192 சமநிலைப் புள்ளிகளைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவற்றில் சூப்பர்சிமெட்ரியே இல்லை.

மாறாக, 2013-ல் அப்ரூட்சி, ஃபாட்சி, ரோசா, டோமசியெல்லோ நால்வரும் 7 பரிமாண ஆன்டி டி சிட்டர் வெளி வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். கோளம் வேண்டும் என்று கேட்கவே இல்லை. ஆனாலும் கணக்கின் முடிவில் உள்வெளிக்குள் ஒரு சாதாரண உருண்டைக் கோளம் தானாக வந்து உட்கார்ந்தது.

சரி, இதனால் என்ன பயன்?

நியாயமான கேள்வி. செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவி 2010-லிருந்து தேடியும் சூப்பர்சிமெட்ரித் துகள் ஒன்றும் கிடைக்கவில்லை. நம் பிரபஞ்சம் ஆன்டி டி சிட்டர் வெளியும் அல்ல. ஹாக்கிங் எதிர்பார்த்த முடிவும் வரவில்லை.

ஆனால் இந்த வரலாற்றைப் பாருங்கள். 'உலகம் இப்படித்தான் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு 1980-களிலேயே 'இல்லை' என்ற பதில் வந்துவிட்டது. 'வேறு என்னென்ன இருக்க முடியும்?' என்ற கேள்வி மட்டும் சாகவில்லை. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் பின்னால் வந்த எந்தக் கண்டுபிடிப்பாலும் வீணாகவில்லை. மால்டசேனா 1997-ல் எழுதியபோது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ பொறுமையாக எண்ணி வைத்த கணக்கு தயாராக இருந்தது. முக்கியமாக, 'இல்லை' என்று நிரூபித்தவையும் சொத்துதான். 31 கிடையாது என்று தெரிந்தபின் அதைத் தேடி இன்னொருவர் தன் ஐந்து ஆண்டுகளைச் செலவழிக்க வேண்டியதில்லை.

பட்டியல் இன்னும் முடியவில்லை. 11 பரிமாணத்தில் மேல் முனை தெரியும், கீழ் முனையில் ஒரே ஒரு ஸ்பின்னர் இருந்தால் வெளி எந்த விதிகளுக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியும். நடுவில் உள்ளவற்றில் பல இடங்கள் காலியாகவே இருக்கின்றன. இந்தத் துறையில் ஆர்வம் வந்து மேலே படிக்கப் போகிறவர்கள் 'எல்லா' என்று தொடங்கும் தலைப்பைக் கண்டால், அடுத்த வரியில் இருக்கும் நிபந்தனையை இரண்டு முறை படியுங்கள். அடுத்த தீர்வு பெரும்பாலும் அந்த நிபந்தனைக்கு வெளியேதான் இருக்கும்.